பீரோ நிறைய நூல்கண்டு, விடாத தும்மல்: பேரக்குழந்தை வருமுன் என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 58. நாகர்கோவிலில் வசிக்கிறேன். சில வருடங்களாகக் குரோஷே பின்னுகிறேன். வாங்கிச் சேர்த்த கம்பளி, பருத்தி, அக்ரிலிக் நூல்கண்டுகள் ஒரு இரும்பு பீரோ, பரணில் நான்கு அட்டைப்பெட்டி, கட்டிலுக்கு அடியில் இரண்டு பை என்று பெருகிவிட்டன. பூச்சி அரிக்காமல் இருக்க எல்லாவற்றிலும் அந்துருண்டை போட்டிருக்கிறேன். சில மாதங்களாகக் காலையில் எழுந்ததும் தொடர் தும்மல், மூக்கொழுகல். பெட்டியைக் கிளறினால் தலைவலி. முன்கையில் அரிப்பும் தடிப்பும். மகளுக்கு இது எட்டாவது மாதம், பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள். அவளுடைய 7 வயது மூத்த மகனுக்கு வீசிங் உண்டு. நூலையெல்லாம் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். எனக்குக் கவலை நூல் இல்லை, நூலோடு போட்டு வைத்திருக்கும் அந்துருண்டைதான். தும்மல், தடிப்பு, பேரனின் வீசிங் மூன்றையும் நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம். அந்துருண்டை மட்டும் உங்கள் மகள் வாசற்படி ஏறுவதற்கு முன்பே வீட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் வெள்ளை உருண்டைகள் பெரும்பாலும் நாஃப்தலின். உருகாமல், நேராக ஆவியாகும் பொருள் அது. நாளாக ஆக உருண்டை சிறுத்துப்போவது அதனால்தான். நெடி வருகிறது என்றால் அந்த ஆவியை நீங்கள் மூச்சில் இழுக்கிறீர்கள். பீரோவைத் திறந்ததும் வரும் தலைவலிக்கு இதுவே போதுமான காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2008-லேயே நாஃப்தலின் அந்துருண்டைக்குத் தடை போட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ள பொருள்களின் பட்டியலில் (பிரிவு 2பி) அதைச் சேர்த்திருக்கிறது.

பச்சிளங் குழந்தைக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. ரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஜி6பிடி என்ற நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இது அதிகம். பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இந்தக் குறைபாடு உள்ள உடம்பில் நாஃப்தலின் சேர்ந்தால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையும். ரத்தச்சோகை வரும், மஞ்சள் காமாலை வேகமாக ஏறும். பிறந்த குழந்தையின் கல்லீரல் அதைச் சமாளிக்கும் அளவுக்கு முதிர்ந்திருக்காது. அளவு மீறினால் காமாலை மூளையைத் தாக்கும். அந்துருண்டையோடு மடித்து வைத்த துணியையும் கம்பளியையும் போர்த்தியதாலேயே இப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. எண்ணெய் பூசிய தோலில் நாஃப்தலின் இன்னும் எளிதாக உள்ளே இறங்கும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, பீரோவில் இருந்து எடுத்த சால்வையால் சுற்றுவது நம் வீடுகளில் சாதாரணம் என்பதால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன்.

அப்புறப்படுத்தும் வேலையைக் கர்ப்பிணியிடம் கொடுக்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்து, உருண்டைகளையும் அவற்றின் தூளையும் பொறுக்கி இரண்டு பாலிதீன் கவருக்குள் போட்டு இறுக முடிச்சுப் போடுங்கள். கழிவறையில் கொட்டவோ கொளுத்தவோ கூடாது. என்ன இருக்கிறது என்று துப்புரவுப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள். பீரோவை சோப்புத் தண்ணீரால் துடைத்து, கதவு திறந்த நிலையில் ஒரு வாரம் காற்றோட்டமாக விடுங்கள். நூல்கண்டுகளை நிழலில், காற்று வரும் இடத்தில் பரப்பி வையுங்கள். பஞ்சு போன்ற கனத்த நூலில் நெடி போகச் சில வாரம் ஆகலாம். மூக்கில் வைத்தால் இன்னும் நெடி அடிக்கிற நூலில் குழந்தைக்கு எதுவும் பின்ன வேண்டாம். பெரியவர்களுக்கான பை, மேசை விரிப்பு என்று பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்துருண்டைக்குப் பதிலாகப் பூஜைக் கற்பூரம் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் கூடாது. இரண்டு மூன்று வில்லையை மிட்டாய் என்று நினைத்து விழுங்கிய சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். குளியலறைக்கு விற்கும் வாசனைக் கட்டிகளும் வேண்டாம், அவற்றிலும் பலவற்றில் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு ரசாயனம் இருக்கிறது. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் ஓரளவு பூச்சியை விரட்டும், இருக்கும் புழுவைக் கொல்லாது. வேப்பிலை பொடிந்து அதுவே தூசியாகும் என்பதால் மெல்லிய துணியில் முடிந்து போடுங்கள்.

இவ்வளவு பாடும் உண்மையில் உங்கள் நூலில் ஒரு பகுதிக்குத்தான் தேவை. அந்துப்பூச்சியின் புழு தின்பது கெரட்டின் என்ற புரதத்தை. அது கம்பளியில் உண்டு, பருத்தியிலும் அக்ரிலிக்கிலும் கிடையாது. வியர்வையோ எண்ணெய்ப் பிசுக்கோ பட்டிருந்தால் ஒழிய அவற்றை அந்து சீண்டாது. ஆகவே முதலில் நூலை இனம் பிரியுங்கள். லேபிள் தொலைந்த கண்டில் ஒரு அங்குலம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். முடி கருகிய நாற்றமும் நொறுங்கும் சாம்பலும் என்றால் கம்பளி. காகிதம் எரிந்த வாசனை என்றால் பருத்தி. உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் அக்ரிலிக். அந்தச் சொட்டு கையில் பட்டால் நன்றாகச் சுட்டுவிடும், கவனம்.

கம்பளிக் கண்டுகளை மட்டும் ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி, அதை இன்னொரு கவரில் இட்டு, ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் முட்டையும் புழுவும் சாக அவ்வளவு காலம் கொடுப்பது நல்லது. சிறிய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் அந்தக் குளிர் எட்டாமல் போகலாம். வெளியே எடுத்ததும் கவரைத் திறந்துவிடாதீர்கள், ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். உடனே திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த நூலில் நீராகப் படிந்து, பூச்சி போய் பூஞ்சை வரும்.

இனி தும்மல். காலையில் எழுந்ததும் தும்மல் என்பது படுக்கையறையில் உள்ள ஏதோ ஒன்றின் ஒவ்வாமை. பெரும்பாலும் தூசிப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாது, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம். நம் தோலில் இருந்து உதிரும் செதில்தான் அதன் உணவு. வாய் வைத்துத் தண்ணீர் குடிக்காமல் காற்றில் இருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் வற்றிச் செத்துவிடும். இரண்டு பருவமழையும் பெறும் உங்கள் மாவட்டத்தில் அது பாட்டுக்குச் செழிக்கும். இதில் பழியை நூலின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. தூசிப் பூச்சி மிகுதியாக இருப்பது மெத்தையிலும் தலையணையிலும். கட்டிலுக்கு அடியில் உள்ள இரண்டு பைகள் அதற்கு இன்னொரு இருப்பிடம், அவ்வளவே. அந்தப் பைகளை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள். தலையணைக்கும் மெத்தைக்கும் நெருக்கமான நெசவுள்ள, ஜிப் வைத்த உறை போடுங்கள். விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் ஊறட்டும். கொதிக்கிற தண்ணீர் ஒரு பங்கும் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும்.

மருந்தைப் பொறுத்தவரை, தினமும் அடிக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேதான் இதற்கு முதல் தேர்வு. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் பிடிக்கும். நான்கு நாள் அடித்துவிட்டுக் கேட்கவில்லை என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். இடது மூக்குக்கு வலது கையால், வலது மூக்குக்கு இடது கையால் பிடித்து, முனையை வெளிப்பக்கம், காதை நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும். நடுத் தண்டில் அடித்தால் ரத்தம் கசியும். மூக்கடைப்புக்கு உடனே திறந்துவிடும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடராதீர்கள், அதுவே அடைப்பை நிரந்தரமாக்கும். எந்த ஸ்பிரே என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் உங்கள் மூக்கைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

முன்கைத் தடிப்புக்குக் காரணம் தேட, அட்டைப்பெட்டியின் மூலைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். 4, 5 மில்லிமீட்டரில் பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் முடியோடு ஒரு புழுவோ, அதே உருவில் காலியான சட்டையோ கிடந்தால் அது கம்பள வண்டின் புழு. கடிக்காது, அதன் நுண்ணிய முடிகள் உதிர்ந்து தோலில் குத்துவதால் அரிக்கும். மாறாகத் தடிப்பு வரிசையாக, தூங்கி எழும்போது தெரிந்தால் மூட்டைப்பூச்சி. இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்கிலும் பரவி, வீட்டில் மற்றவர்களுக்கும் அரித்தால் சொறி சிரங்கு. குழந்தை வருமுன் எல்லோரும் ஒரே நாளில் வைத்தியம் செய்துகொள்ள வேண்டிய விஷயம் அது. புழுவும் இல்லை, கம்பளி தொடும்போது மட்டும் குத்துகிறது என்றால் இழை தடிமனான முரட்டுக் கம்பளியின் வேலை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பின்னினாலே அடங்கும்.

அட்டைப்பெட்டியை விட்டுவிடுங்கள். ஈரத்தை உறிஞ்சும், வெள்ளிப்பூச்சிக்கு இரையாகும். மூடியில் ரப்பர் விளிம்பு வைத்த, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பெட்டிகள் 20 லிட்டர் அளவில் வாங்குங்கள். நிறைத்த பெட்டி 5 கிலோவுக்கு மேல் போகாமல், தோள் உயரத்துக்குக் கீழே இருக்கட்டும். ஸ்டூல் போட்டுப் பரணில் இருந்து இறக்கும் வயது தாண்டிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பெட்டிக்கு 50 கிராம் சிலிகா ஜெல் ஒரு துணிப்பையில் போடுங்கள். நீல மணி வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கிறது. ஆரஞ்சு மணி வாங்குங்கள். நிறம் மாறியதும் புதுசு மாற்றுங்கள். குழந்தை வாயில் போடாத உயரத்தில் பெட்டி இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூடும் நாள் முக்கியம். மழை நாளில் மூடினால் அந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள். நல்ல வெயில் அடிக்கும் பிற்பகலில், நூலை இரண்டு மணி நேரம் காற்றாட விட்டு மூடுங்கள். பீரோ வெளிச்சுவரை ஒட்டி நின்றால் நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள். மழைக்காலத்தில் சுவரின் ஈரம் முதுகுத் தகட்டில் இறங்கும். சாம்பல் அல்லது பச்சைப் புள்ளியும் மக்கிய வாடையும் வந்த கண்டைக் கண்டாகத் துவைக்காதீர்கள், நடுவில் காயவே காயாது. சிட்டமாகச் சுற்றி நான்கு இடத்தில் கட்டி அலசித் தொங்கவிடுங்கள். வாடை போகாவிட்டால் அந்தக் கண்டை மட்டும் எறிந்துவிடலாம்.

பிறக்கப்போகும் குழந்தைக்கு நாகர்கோவில் வெக்கையில் கம்பளி தேவையில்லை. புதிதாக வாங்கிய பருத்தி நூலில் பின்னுங்கள். காலுறையையும் கையுறையையும் உட்புறம் திருப்பி, நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளை வெட்டி விடுங்கள். தளர்ந்த இழை ஒன்று பிஞ்சு விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். காரணமில்லாமல் வீறிட்டு அழும் குழந்தையின் பத்துக் கால்விரலையும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

பேரன் இருக்கும் நாள்களில் பெட்டியை வராந்தாவில் திறந்து, அங்கேயே நூல் சுற்றுங்கள், என்95 முகக்கவசத்தோடு. அறையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கிளம்பிய தூசி அடங்க அரை மணி நேரம் கொடுத்துவிட்டு அவனை உள்ளே விடலாம். அவனுடைய இன்ஹேலரும் ஸ்பேசரும் எங்கே இருக்கின்றன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூச்சு வாங்குகையில் விலா இடுக்கு உள்ளிழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ இன்ஹேலரைக் கொடுத்தபடியே 108-ஐ அழையுங்கள்.

மகளின் பிரசவ மருத்துவமனையில், பிறக்கும் குழந்தைக்கு ஜி6பிடி ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். முடிவு எப்படி வந்தாலும், குழந்தையின் கண்ணோ உள்ளங்காலோ மஞ்சளாகத் தெரிந்தாலும், சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும், பால் குடிக்காமல் துவண்டாலும் அன்றைக்கே காட்டுங்கள். வீட்டில் அந்துருண்டை இருந்த விவரத்தை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.