முதலில் வயதைப் பாருங்கள்

எம்.ஏ. பொருளியல் முடித்து, 27 வயதில் வங்கி ஆய்வுப் பிரிவில் இருந்துகொண்டு, இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வா, முனைவர் பட்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வுதான் முதலில். பொதுப் பிரிவினருக்கு அதில் 30 வயதுதான் வரம்பு, ஆராய்ச்சி காத்திருக்கும். வேலையையும் விடவேண்டாம்.

பொருளியலில் மட்டும் நான்கு தாள்கள், தலா 200 மதிப்பெண், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். விடை தெரிந்தும் விரல் மரத்துப்போய்க் கடைசிக் கேள்வியை விட்டவன் நான். தினமும் கையால் எழுதிப் பழகுங்கள்.

ஒன்றில் நுழைந்தால் மற்றவை கைவிட்டுப் போகும் என்று அஞ்சாதீர்கள். அகமதாபாத் ஐஐஎம்மில் பாடம் நடத்திய சி. ரங்கராஜன் 1982இல் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநரானார், 1992இல் ஆளுநர். ஆனால் அவரிடம் பென்சில்வேனியாவில் பெற்ற முனைவர் பட்டம் இருந்தது. அதனால் ஆராய்ச்சியைத் தள்ளிப்போடலாம், கைவிடக் கூடாது.