பதினொரு கயிறும் ஒரு நோட்டும்

அன்புள்ள ஐயா,

கேலிச்சித்திரங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பெரிய நிறுவனங்களைக் கேலி செய்து படம் போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். ஒரு படத்தால் எந்த நிறுவனமாவது அசைந்திருக்கிறதா?

ஒரு வங்கி ஊழியர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

வங்கியில் இருக்கிறீர்கள், சரி, ஒரு வங்கியின் கதையையே சொல்கிறேன்.

பிரான்சுடனான போரில் கையிருப்புக் கரையவே, 1797இல் இங்கிலாந்து வங்கி நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது. ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகளை அடித்து விட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர் கைக்கும் நோட்டு வந்தது. கறுப்பு மையில் ஒரு பக்கம் மட்டும் அச்சு. செப்புத்தகட்டில் செதுக்கத் தெரிந்தவனுக்குப் போலி செய்வது பெரிய காரியமில்லை. கள்ள நோட்டு அடித்தாலும், தெரிந்தே மாற்றினாலும் தூக்கு. வைத்திருந்தாலே 14 ஆண்டு நாடு கடத்தல். 1821க்குள் 300 பேருக்கு மேல் தூக்கில் தொங்கினார்கள். மட்டமான நோட்டை அடித்தது வங்கி, செத்தது ஏழைகள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

1819 ஜனவரியில் கேலிச்சித்திரக்காரர் ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் ஒரு கேலி நோட்டு வரைந்தார். பதிப்பாளர் வில்லியம் ஹோன் தன் கடையில் விற்றார். தூரத்தில் பார்த்தால் அசல் நோட்டேதான். கிட்டே கொண்டுபோனால் நடுவில் ஆணும் பெண்ணுமாகப் பதினொரு பேர் வரிசையாகத் தொங்குகிறார்கள். பவுண்டு குறி, சுருட்டிய தூக்குக் கயிறு. வங்கி முத்திரையில் சாந்தமாக உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா, பிரிட்டனின் உருவகமான பெண், இங்கே பிள்ளையைத் தின்கிறாள். வங்கி அதிகாரி கையெழுத்திடும் இடத்தில் ‘ஜே. கெட்ச்’. பதினேழாம் நூற்றாண்டின் தூக்குக்காரன் பெயர் அது. லண்டனில் குழந்தைக்கும் தெரியும்.

வாங்க வந்த கூட்டத்தில் தெரு அடைத்துக்கொண்டது என்று க்ரூக்ஷாங்க் பின்னாளில் எழுதினார். தன் படம்தான் இந்தத் தூக்குகளை நிறுத்தியது என்றும் சொல்லிக்கொண்டார். அதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். ஜூரிகள் முன்பே தண்டிக்கத் தயங்க ஆரம்பித்திருந்தார்கள். 1821இல் நோட்டுக்குத் தங்கம் தருவது திரும்பியதும் சின்ன நோட்டுகளின் தேவை போனது. ஆனால் அந்த வாரம் கூலிக்கு நோட்டு வாங்கியவனுக்கு, அசலைத் திரும்பவும் பார்க்கும்போது கயிறும் கூடவே தெரிந்திருக்கும். வங்கி அசைந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அதன் பிரதி இருக்கிறது. படம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் சின்னச் சின்ன முகங்கள் இருக்கும். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அன்புடன்.