கரண்டு ஊசி: அப்பா முட்டிக்கும் ஜிம்மி முதுகுக்கும் ஒரே ஆளா?

பேராக், பீடோர் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு 64 வயசு, செம்பனைக் குலை வெட்டி வெட்டி முட்டி தேஞ்சு போச்சு. வீட்டு நாய் ஜிம்மி, குட்டைக் கால் நீள உடம்பு ஜாதி, சோபாவுல இருந்து குதிச்சதுல, நேத்து ராத்திரியில இருந்து பின்னங்காலை இழுத்துக்கிட்டு போகுது. டவுன்ல உள்ள ஒரு சின்சே, அதான் சீன வைத்தியர், ரெண்டு பேருக்கும் நானே கரண்டு வச்சு ஊசி (அக்குபஞ்சர் ஊசியில லேசா கரண்டு விடுறது) போடுறேன், 60 வெள்ளின்னு சொல்றாராம், போகலாமா அண்ணேன்னு கேள்வி.

முதல்ல நாயை மிருக டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க தங்கச்சி. அப்பா முட்டி இத்தன வருஷம் தாங்குச்சு, இன்னும் ரெண்டு வாரம் தாங்கும், ஜிம்மிக்கு மணிக்கணக்குதான். இந்த மாதிரி நாய்ங்களுக்கு முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் சின்ன வயசுலயே காஞ்சு கெட்டியாயிடும், ஒரு குதி குதிச்சா போதும், பிதுங்கி தண்டுவடத்தை நசுக்கிடும். மிருக டாக்டர் கால் விரல் எலும்பை இறுக்கிப் பிடிச்சுப் பாப்பாரு. அப்ப காலை இழுத்துக்கிச்சுன்னா சந்தோசப்படாதீங்க, அது தண்டுவடம் தானா பண்றது, மூளைக்குப் போன வலி இல்ல. தலையைத் திருப்பிப் பாக்குதா, கத்துதா, அதான் கணக்கு. ரெண்டும் இல்லன்னா ஊசியைப் பத்தி பேசவே வேணாம், உடனே ஆபரேசன் முடியுமான்னு கேளுங்க. செர்டாங் யூபிஎம் பல்கலைக்கழகத்து மிருக ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தா தூரம்னு பாக்காதீங்க. கொண்டு போறப்ப பலகையில படுக்க வச்சு முதுகு வளையாம தூக்குங்க, ஒண்ணுக்குப் போச்சான்னும் கவனிங்க, நிறைய நாய்ங்களுக்கு அது அடைச்சுக்கும், மூத்திரப்பையை அமுக்கி எடுக்கணும்.

நாய்க்கு கரண்டு ஊசி வேலை செய்யாதுன்னு நான் சொல்லல. 2010-ல பிரேசில்ல ஒரு ஆய்வு வந்துச்சு, கால் மோசமா விழுந்து 48 மணி நேரம் தாண்டின நாய்ங்கள்ல, கரண்டு ஊசி மட்டும் போட்ட 19-ல 15 நல்லா தேறிச்சு, ஆபரேசன் மட்டும் பண்ணின 10-ல 4தான். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எண்ணிக்கை ரொம்ப கம்மி, அதுவும் எங்க நசுங்கியிருக்குன்னு மிருக டாக்டருங்க கண்டுபிடிச்ச பிறகு போட்டது. மனுசனுக்கு ஊசி போடுற சின்சேக்கு நாய் முதுகைப் பாக்கத் தெரியணும்னு இல்ல, அதனால ஜிம்மிக்கு அவர் வேணாம்.

இப்ப அப்பா. ஊசியை முட்டியைச் சுத்திக் குத்தி, ரெண்டு ரெண்டா கிளிப் மாட்டி, சின்ன பேட்டரி மிசின்ல இருந்து ஒரு 20, 30 நிமிசம் கரண்டு விடுவாங்க. வீட்டுக்கு வர்ற டிஎன்பி கரண்டான்னு பயப்பட வேணாம், மில்லியாம்பியர் கணக்குதான். வினாடிக்கு 2 தடவை விட்டா ஒரு வகை, 100 தடவை விட்டா இன்னொரு வகைன்னு உடம்பே தன்னோட வலி மருந்தை விடுது, அதான் எண்டார்பின் மாதிரி சமாச்சாரம். 2021-ல வந்த பீஜிங் ஆய்வுல 480 பேருக்கு வாரம் 3 தடவைன்னு 8 வாரம் போட்டாங்க. கரண்டு ஊசி போட்டவங்கள்ல நூத்துக்கு 60 பேருக்கு நல்ல குறைவு, போலி ஊசி போட்டவங்கள்லயும் 47 பேருக்கு. அதாவது உதவி இருக்கு, அதிசயம் இல்ல. தேஞ்ச முட்டி திரும்ப வளராது, தொடை தசைக்கு எக்சர்சைஸ் விடக்கூடாது. ஒரே நாள்ல சரியாகும்னு எவனாவது சொன்னா 60 வெள்ளிய பாக்கெட்லயே வச்சுக்குங்க.

அப்பா நெஞ்சுல பேஸ்மேக்கர் இருந்தா கரண்டு கூடாது, வலிப்பு இருந்தாலும் வேணாம். ரத்தம் மெலியுற மருந்து சாப்பிட்டா முதல்லயே சொல்லணும். 2016 சட்டப்படி பாரம்பரிய வைத்தியம் பாக்குறவங்க பதிவு பண்ணிக்கணும், சின்சேகிட்ட அந்தச் சான்றிதழைக் கேளுங்க, கோவிச்சுக்கிட்டா வேற ஆளைப் பாருங்க. 2007-ல கெப்பாலா பத்தாஸ்ல ஆரம்பிச்சு சில அரசாங்க ஆஸ்பத்திரியிலயும் அக்குபஞ்சர் இருக்கு, உங்க கிளினிக் டாக்டர்கிட்ட லெட்டர் கேட்டுப் பாருங்க.

முத தடவை நீங்க கூடவே போங்க. தோட்டத்து ஆளுங்க எவ்வளவு சுள்ளுன்னு இழுத்தாலும் பரவால்லம்மா தாங்கிக்கிறேன்னுதான் சொல்வாங்க. தாங்க வேண்டிய விசயமே இல்ல இது, தசை டக் டக்னு லேசா துள்ளினா போதும், அப்பா மூஞ்சி சுருங்கினா நீங்களே சொல்லி மிசின் திருகைக் குறைக்க வைங்க.