முதல் மணியிலேயே வரும் முடிவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் இருப்பது தெரியவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தெருவில் இருவர் சிரித்துப் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்கிறான். எத்தனை சான்று காட்டினாலும், “நீயும் அவர்கள் பக்கம்தான்” என்கிறான். நன்றாகப் படித்தவன். இது நோயா, பிடிவாதமா?

எம்.

அன்புள்ள எம்.,

இது பிடிவாதம் அன்று. பிறர் மனத்தை ஊகிக்கும்போது, முன்மூளையின் நடுப்பகுதியும் காதுக்குப் பின்னால் சற்று மேலே உள்ள பகுதியும் முக்கியப் பங்கு வகிக்கின்றன. படிப்பில் தேர்ந்தவருக்கும் இந்த ஊகம் பிசகலாம். ஷிதிஜ் கபூர் என்ற மனநல மருத்துவர் 2003-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, இந்நோயில் மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமின் வேளையல்லாத வேளையிலும் சுரப்பதால், நாம் கவனிக்காமல் கடந்துவிடும் ஒரு சிரிப்புகூட உங்கள் தம்பியை ஏதோ பெரிய செய்தியைப் போல உலுக்குகிறது. அந்த உலுக்கலுக்குக் காரணம் தேடும்போதுதான் சந்தேகம் பிறக்கிறது. உலுக்கல் அவருக்கு உண்மையாகவே நேர்ந்தது என்பதால், உங்கள் சான்றுகள் அதன்முன் எடுபடுவதில்லை.

முடிவெடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1988-இல் ஹக், கேரட்டி, ஹெம்ஸ்லி ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில் இரண்டு குடுவைகள் இருந்தன: ஒன்றில் ஒரு நிற மணிகள் 85, மறுநிற மணிகள் 15, மற்றதில் அப்படியே தலைகீழ். எந்தக் குடுவை என்பதை மறைத்துவிட்டு ஒவ்வொரு மணியாகக் காட்டுவார்கள். மணிகள் எந்தக் குடுவையிலிருந்து வருகின்றன என்று சொல்ல வேண்டும்; உறுதி ஏற்படும்வரை எத்தனை மணிகளை வேண்டுமானாலும் கேட்கலாம். பிறழ்நம்பிக்கை, அதாவது சான்று காட்டினாலும் மாறாத தவறான நம்பிக்கை, கொண்டவர்களில் பலர் ஓரிரு மணிகளிலேயே முடிவைச் சொல்லிவிட்டார்கள். முதல் மணியிலேயே சொன்னாலும் அது சரியாக இருக்க 85 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதால், அதை அறிவீனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் மனிதர்களின் சிரிப்பு மணியைப் போல அவ்வளவு தெளிவானதன்று. அங்கே இன்னும் பத்து மணிகள் பார்த்தாக வேண்டும். கேரட்டியே பின்னாளில் நிதானித்துச் சிந்திக்கப் பழக்கும் சிகிச்சை ஒன்றை உருவாக்கினார்.

ஆகவே வாதத்தை நிறுத்திவிடுங்கள். “அதைக் கேட்டபோது உனக்கு எப்படி இருந்தது?” என்று முதலில் கேளுங்கள், அவர் அமைதியடைந்த பிறகு, வேறொரு நாளில்கூட, அவர்கள் சிரித்ததற்கு இன்னும் என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று இருவரும் சேர்ந்து யோசிக்கலாம். மருந்து அந்த உலுக்கலைத் தணிக்கும், ஆனால் ஏற்கெனவே வேரூன்றிய நம்பிக்கை அதே வேகத்தில் தளராது. மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து நீங்களாகவே அதை நிறுத்திவிட வேண்டாம். உங்களையே அவர் சந்தேகிப்பதை அடுத்த முறை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.