பைபாஸ் அறுவைக்குப் பின் இதயத்துடிப்பு குலைவது ஏன்?

அறுவை நல்லபடியாக முடிந்தும் மூன்றாம் நாள் உங்கள் அப்பாவின் துடிப்பு ஒழுங்கற்றுப் போனதால், அறுவை தோற்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் எனப்படும் இந்தத் துடிப்புக் குலைவு, இதய அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 20 முதல் 40 விழுக்காட்டினருக்கு, பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் தோன்றுகிறது; அறுவையால் எழும் அழற்சியும், மிகுதியாகச் சுரக்கும் அட்ரினலினும், பொட்டாசியம் போன்ற உப்புகளின் குறைவும் இதய மேலறைகளின் மின்னோட்டத்தைக் கலைத்துவிடுகின்றன. நுரையீரலின் ஒரு பகுதியை அகற்றியவர்களுக்கும் இது வருவதுண்டு.

பலருக்குச் சில வாரங்களில் துடிப்பு சீராகிவிடும் என்றாலும் இதை அற்பமாக எண்ணக் கூடாது. மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படலாம் என்பதால்தான், துடிப்புக் குலைவு நீடிப்பவர்களுக்கு, இரத்தக்கசிவு அபாயத்தையும் எடைபோட்டு, உறைவுத் தடுப்பு மருந்து தருகிறார்கள்.

வீட்டார் கவனிக்கத் தவறுவது நுரையீரலைத்தான் என்பது என் எண்ணம். வலிக்குப் பயந்து ஆழ்ந்து மூச்சிழுக்காமலும் இருமாமலும் இருந்தால், காற்றறைகள் சுருங்கி, சளி தேங்கி, நிமோனியாவுக்கு வழியாகிறது. ஆகவே வலி மருந்தைத் தவிர்க்காமல், தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி இருமச் சொல்லுங்கள். காய்ச்சலோ, காயத்தில் சீழோ, இருமும்போது மார்பெலும்பு அசைவதோ தெரிந்தால், காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.