பதில்: மழை வந்தா இடுப்பு வலி கூடுது, ஷார்ஜா
நண்பா, மழை நாள்ல இடுப்பு வலி கூடுது, லிஃப்ட் வேற நின்னுடுதுன்னு கேட்டிருந்தீங்க. மழைக்கும் வலிக்கும் சம்பந்தம் உண்டான்னு ஆராய்ச்சில ரெண்டு விதமாவும் சொல்றாங்க, ஆனா மழைன்னு ரூம்ல படுத்தே கிடந்தா இடுப்பு இன்னும் பிடிச்சுக்கும், அப்பப்ப எழுந்து நடங்க, படி ஏறுறப்ப கைப்பிடியப் பிடிச்சு நின்னு நின்னு ஏறுங்க. 2024 ஏப்ரல் 16 ஞாபகம் இருக்கும்ல, அல் ஐன் பக்கம் 24 மணி நேரத்துக்குள்ள 254 மில்லிமீட்டர் மழை கொட்டுச்சு, ஷார்ஜால தண்ணி வடிய நாள்கணக்காச்சு, பார்மசிக்குக் கூட போக முடியல. அதனால எச்சரிக்கை மெசேஜ் வந்ததுமே மாத்திரை, தண்ணி கேன் வாங்கி வச்சுருங்க (கேனை ரூம்மேட் தூக்கட்டும், நீங்க தொடாதீங்க). தேங்கின தண்ணில இறங்காதீங்க, அடில என்ன இருக்குன்னே தெரியாது, ஒரு சறுக்கு போதும். ரெண்டு காலும் மரத்துப்போனாலோ ஒன்னுக்கு அடைச்சாலோ மழை விடட்டும்னு காத்திருக்காம ஆம்புலன்ஸ் நம்பர் 998க்கு போன் பண்ணுங்க.