அருங்காட்சியகம் விருது வழங்கலாமா?

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அவர்களுக்கு,

நான் தென்மராட்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் ஊர் வாசிகசாலையின் மேல்மாடியில் சிறிய அருங்காட்சியகம் ஒன்றை நடத்திவருகிறோம். பனையோலைப் பெட்டிகள், நெல் அளக்கும் கொத்து, பழைய பாடசாலைப் பதிவேடுகள், மின்சாரம் இல்லாத காலத்து ஜாம் போத்தல் விளக்குகள் ஆகியவை அங்கே இருக்கின்றன. கனடாவில் வாழும் எங்கள் ஊரவர் ஒருவர், துணிவு, சேவை, தலைமைத்துவம் ஆகிய மூன்றுக்கும் அருங்காட்சியகத்தின் பெயரால் ஆண்டுதோறும் விருது வழங்கினால், செலவு முழுவதையும் தாம் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். முதலாவது ஆண்டில் பேர்பெற்ற மூவருக்கு வழங்கினால் விழா சிறக்கும் என்பது அவருடைய எண்ணம். பழைய பொருட்களைப் பேணுவதே எங்கள் வேலை, விருதெல்லாம் எங்களுக்கு எதற்கு என்று குழுவில் சிலர் கேட்கிறார்கள். அருங்காட்சியகம் விருது வழங்குவது பொருத்தமா? வழங்குவதானால் யாரை, எப்படித் தெரிவுசெய்வது?

வாசகி ஒருவர்,
சாவகச்சேரி

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் குழுவில் எழுந்த ஐயம் நியாயமானது. ஆயினும், வழங்கலாம் என்பதே என் விடை. ஒருவருடைய துணிவைப் போற்றுவதும் அதற்கான சான்றைப் பேணுவதும் நம்முடைய மரபில் இரு வேறு வேலைகளாக இருந்ததில்லை. நடுகல்லை நினைத்துப் பாருங்கள். தொல்காப்பியம் அதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளைச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது முதற்படி. வாழ்த்து ஆறாவதாகத்தான் வருகிறது. நம் காலத்து விழாக்களில் பொன்னாடையும் புகழுரையும் முதலில் வந்துவிடுகின்றன. அவர் செய்தது என்ன என்பதை விழா முடிந்தபின்னும் யாரும் எழுதிவைப்பதில்லை.

திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியில், எடுத்தனூர் என்னும் ஊரில், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனுடைய உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் அங்கே எழுத்தில் உள்ளன. அடைமொழிகளை அடுக்காமல், பெயரையும் செயலையும் மட்டும் சொல்லும் அந்தச் சில வரிகளால், 1300 ஆண்டுகளுக்கும் மேலான ஒரு நாயின் துணிவை இன்றும் நாம் ஐயமின்றி அறிகிறோம். உங்கள் விருதுப் பட்டயத்தின் வாசகத்தை எழுதும்போது இந்தக் கல்லையே முன்மாதிரியாகக் கொள்ளுங்கள்.

பிற நாடுகளிலும் அருங்காட்சியகங்கள் இப்பணியைச் செய்கின்றன. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்ட மெம்பிஸ் நகர விடுதி, 1991இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தின் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கிருந்து வழங்கப்படும் சுதந்திர விருதைப் பெற்றவர்களுள் நெல்சன் மண்டேலாவும் ஒருவர். ஆனால் உங்களுக்கு உண்மையில் உதவக்கூடிய எடுத்துக்காட்டு ஜெருசலேமில் உள்ள யாத் வசெம் நினைவகத்தின் நடைமுறை என்று நினைக்கிறேன். நாஜிகளின் இனப்படுகொலைக் காலத்தில் யூதர்களைக் காப்பாற்றிய யூதரல்லாதோருக்கு அந்த நினைவகம் 1963 முதல் ஒரு சிறப்புப் பெயரும் பதக்கமும் வழங்கிவருகிறது. இதுவரை 28,000க்கும் மேற்பட்டோர் அதைப் பெற்றிருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் உலகம் கேள்விப்படாத உழவர்கள், இல்லத்தரசிகள், பாதிரியார்கள், ஆசிரியர்கள். காப்பாற்றியவர் தம் உயிரையோ விடுதலையையோ பணயம் வைத்திருக்கவேண்டும். பணமோ வேறு பயனோ எதிர்பார்த்துச் செய்திருக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காப்பாற்றப்பட்டவர்களின் வாக்குமூலமோ அதற்கு ஈடான ஆவணமோ இருக்கவேண்டும். இவற்றை ஆராயும் ஆணைக்குழுவுக்கு உயர்நீதிமன்ற நீதியரசர் ஒருவர் தலைமை தாங்குவது வழக்கம். உதவியைப் பெற்றவரின் சாட்சியமே அங்கே விருதுக்கு அடிப்படை. உங்கள் கடிதத்துக்கு நான் சொல்ல விரும்பும் விடையும் இதுதான்.

யாழ்ப்பாணத்தில் வாழும் நமக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு தீபாவளி நாளான ஒக்டோபர் 21ஆம் திகதி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் இந்திய இராணுவம் புகுந்தபோது, நோயாளரை விட்டுப் போகாமல் கடமையில் இருந்த வைத்தியர்களும் தாதியரும் சிற்றூழியர்களுமாக 21 பேர் அன்றும் மறுநாளும் கொல்லப்பட்டார்கள். மறுநாட்காலை, குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் தாதியரோடு கைகளை உயர்த்திக்கொண்டு, தாங்கள் வைத்தியர்களும் தாதியரும் என்று சொல்லியபடியே வந்தார், அவரையும் சுட்டார்கள். இதை நாம் அறிவது, அந்த இரவு முழுவதும் பிணங்களுக்கிடையே பிணம்போலக் கிடந்து உயிர்தப்பியவர்கள் பிறகு வாய்திறந்து சொன்னதனால்தான். வைத்தியசாலையில் அவர்களுடைய படங்களுக்கு முன்னால் ஆண்டுதோறும் சுடர் ஏற்றப்படுகிறது. அந்தச் சாட்சிகள் அச்சத்தினாலோ துயரத்தினாலோ பேசாதிருந்திருந்தால், அந்தப் படங்களுக்குக் கீழே பெயர் மட்டுமே எஞ்சியிருக்கும்.

மூன்றாவது விருதான தலைமைத்துவத்தைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. துணிவும் சேவையும் நடந்துமுடிந்த செயல்கள். தலைமைத்துவமோ நடந்துகொண்டிருக்கும் ஒன்று. பதினைந்து ஆண்டுகளளவு வீட்டுச்சிறையில் கழித்த மியன்மார்த் தலைவி ஆங் சான் சூகிக்கு, வாஷிங்டனில் உள்ள இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் 2012இல் தன்னுடைய எலி வீசல் விருதை வழங்கியது. றோகிங்கியா மக்கள் கொல்லப்பட்டும் துரத்தப்பட்டும் வந்தபோது அவர் அதைக் கண்டிக்கவில்லை என்பதனால், 2018 மார்ச்சில் அந்த விருதை மீளப்பெற்றது. வழங்கியதும் மீளப்பெற்றதும் நேர்மையான செயல்களே என்பது என் கருத்து. எனினும் மீளப்பெறும் வலிமை ஓர் ஊர் வாசிகசாலைக்கு எப்படி வரும்? ஒழுங்கைக்கு ஒழுங்கை உறவினராக வாழும் ஊரில், கொடுத்த கேடயத்தைத் திருப்பிக் கேட்க யாருக்கும் மனம் வராது. ஆகவே, பதவியில் இருப்பவருக்கும் தேர்தலில் நிற்பவருக்கும் இந்த விருதை வழங்குவதில்லை என்று யாப்பு விதிகளிலேயே எழுதிவிடுங்கள். செல்லப்பா என்பவர் 1933இல் தம்முடைய வீட்டில் வைத்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கியபோது, அது யாழ்ப்பாணப் பொது நூலகமாக வளரும் என்றோ, 1981இல் எரியூட்டப்பட்ட வேளையில் அங்கே ஏறத்தாழ 97,000 நூல்கள் இருக்கும் என்றோ யார் கணித்திருக்க முடியும்? ஒருவர் தொடங்கிய வேலை அவர் கையைவிட்டுப் போனபின்னும் நடக்கிறதா என்று பார்த்துத்தான் அவருடைய தலைமையை அளக்கமுடியும். அதற்குக் காலம் வேண்டும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மூன்றாவது விருதை வழங்காமலே இருந்தாலும் குறையொன்றுமில்லை.

பேர்பெற்ற மூவர் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பின் தெரிவுக்குழுவில் நானும் இருந்தேன். விண்ணப்பித்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதி அனுப்பிய தன்விபரக் கோவைகளை வைத்துக்கொண்டு, ஒரே மாலைப்பொழுதில் எட்டுப் பேரைத் தெரிந்தோம். அவர்களில் இருவர் அந்த விழாவுக்கே பணம் கொடுத்தவர்கள். சில ஆண்டுகள் கழித்து, ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி வந்து, அவர்களுள் ஒரு பெண்மணிக்கு ஏன் சேவை விருது வழங்கப்பட்டது என்று கேட்டாள். கோப்பைத் திறந்தால் ஒரு பக்கத் தன்விபரமும் இரண்டு புகைப்படங்களும்தான் இருந்தன. அந்தப் பெண்மணி உண்மையிலேயே நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். அதை எழுதிவைக்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன் என்பது இன்றைக்கும் என்னை வருத்துகிறது.

இனி, உங்கள் ஊருக்கே வருகிறேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், போரினால் இடம்பெயர்ந்த வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தையும் கைதடிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குள் வந்தார்கள். பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் நிறைந்தபின், முன்பின் அறியாத வீடுகள் படலையைத் திறந்தன. அடுத்த ஏப்ரலில் திரும்பிப் போகும்வரை, ஆறு மாதங்களளவு, அந்த வீடுகளில்தான் பலர் உயிர் வாழ்ந்தார்கள். அது துணிவா, சேவையா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேருடைய பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறது? உங்கள் முதலாவது விருதை அவர்களுக்கு வழங்குங்கள். காலமானவர்களென்றால் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

சாட்சிகள் இருக்கிறார்கள், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் கொக்குவிலிலும் மானிப்பாயிலும் இருக்கிறார்கள். உங்களுக்கு உதவ முன்வந்த கனடா அன்பரிடம், பணத்தைக் கேட்கும் முன், அவர்களைத் தேடித் தரும்படி கேளுங்கள். ஒவ்வொருவரும் தாம் தங்கிய வீடு எது, எத்தனை குடும்பங்கள் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளின, அரிசி முடிந்த நாளில் என்ன நடந்தது, யாருக்குக் காய்ச்சல் வந்தது, யார் வைத்தியரிடம் கூட்டிப்போனார் என்று எழுதி, கையொப்பமிட்டு அனுப்பட்டும். ஒரு வீட்டுக்குக் குறைந்தது இரண்டு சாட்சியங்கள், அவையும் ஒரே குடும்பத்தவருடையவை அல்லாதவை, வந்துசேர்ந்தபின் குழு கூடினால் போதும். அந்தக் கடிதங்களை ஜாம் போத்தல் விளக்குகளுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கறையான் ஏறாதபடி இரும்புப் பெட்டியிலும், மின்வருடிய படிகளாக வேறோர் இடத்திலும் காப்பாற்றுங்கள்.

அந்த நவம்பரில் என் குடும்பத்தில் ஆறு பேர் மீசாலையில் ஒரு வீட்டின் தலைவாசலில் தங்கினோம். வீட்டுக்கார அம்மா தம் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் ஒரே பானையிலிருந்து கஞ்சி வார்த்தார்; ஒருநாளும் எங்களைக் கடைசியாக இருத்தியதில்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை எழுதிய நான் அவரைப் பற்றி இன்றுவரை ஒரு வரியும் எழுதியதில்லை. அவருடைய மகளிடம் அனுமதி கேட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி, இந்த மாதம் முடியுமுன் உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். இரண்டாவது சாட்சியத்துக்கு, அதே வீட்டின் மாட்டுக்கொட்டிலில் எங்களோடு தங்கியிருந்த உரும்பிராய்க் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்.